தம்பியின் ஆட்டோவுக்கு ஒரு கூரை

எங்கள் தோட்டத்தில் வாகனம் நிறுத்துவதற்கென்றே கட்டிய கட்டடம் நெடுங்காலம் ஒன்றே ஒன்றுதான். பெரிய தொரை வங்களாவுக்குப் பின்னால், சைப்ரஸ் வேலிக்கு உள்ளே, தனியாக நின்ற கராஜ். கருங்கல் அத்திவாரம், இரட்டைப் பலகைக் கதவு, சீமெந்துத் தரை, கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் வடியப் பீலி. என் அத்தை வங்களாக் குசினியில் வேலை செய்தார். பள்ளிக்கூட லீவில் அவரோடு போய்க் குசினி வாசலில் உட்கார்ந்து அந்தக் கராஜைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் லயக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி; அதில் நாங்கள் ஐந்து பேர். கராஜ் அதைவிடப் பெரிது. அளக்கத் தேவையில்லை, பார்த்தாலே தெரியும்.

அதே தோட்டத்தில், எங்களுக்குக் கிடைத்த ஏழு பேர்ச் காணியில், வீட்டுக்குப் பக்கத்தில் தம்பியின் ஆட்டோவுக்கு ஒரு கொட்டகை போட அனுமதி கேட்டுப் போனதைத்தான் எழுத நினைக்கிறேன். எட்டடி அகலம், பன்னிரண்டடி நீளம். கண்டியிலோ கொழும்பிலோ இருப்பவர்களுக்கு இது பேசுகிற அளவுக்குக்கூட ஒரு விஷயமில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் அதற்கு முன்னால் ஒரு கட்டடத்துக்கு அனுமதி கேட்டு அரசாங்கக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டதில்லை. அப்பாவும் இல்லை, தாத்தாவும் இல்லை, அவருக்கு முன்னால் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்களும் இல்லை.

ஹட்டனிலிருந்து தெற்கே போகிற பாதையில், மெயின் ரோட்டை விட்டு ஏறினால் ஒன்றரை மைலில் எங்கள் டிவிசன். மே மாதக் கடைசியில் பிடிக்கிற மழை செப்டெம்பர் வரைக்கும் விட்டுவிட்டுப் பெய்யும். நான் சின்னவனாக இருந்தபோது நோயாளியைக் கீழே கொண்டுபோக இருந்தது கொழுந்து லொறி மட்டும்தான். அம்மாவுக்குப் பிரசவ வலி எடுத்த சாயங்காலம், லொறி கொழுந்து இறக்கப் பெக்டரிக்குப் போயிருந்தது. இறக்கி முடித்துத் திரும்பி வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. அம்மாவை ஏற்றி, அம்மாயியும் இன்னும் இரண்டு பெண்களும் கூட ஏறிப் புறப்பட்டார்கள். தங்கச்சி ஆஸ்பத்திரியில் பிறக்கவில்லை. மூன்றாவது வளைவில் லொறியை நிறுத்தச் சொல்லி, கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவே அம்மாயி தன் கொங்காணியை விரித்தார். டிரைவர் கீழே இறங்கி, டோர்ச்சை உள்ளே நீட்டியபடி முகத்தை மட்டும் மறுபக்கம் திருப்பிக்கொண்டு நின்றாராம். தங்கச்சி பிழைத்தாள், அம்மாவும் பிழைத்தார். அதே வளைவில் பிழைக்காதவர்களும் உண்டு.

தம்பி 2019இல் லீசிங்கில் ஒரு பழைய பஜாஜ் ஆட்டோ வாங்கியபோது டிவிசன் முழுக்க அவன் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டதற்குக் காரணம் அதுதான். ஆனால் ஆட்டோ நின்றதோ கீழே, மெயின் ரோட்டுக் கடைவாசலில். வீட்டுப் பக்கம் கூரை இல்லை. திறந்தவெளியில் விட்டால் ஒரு மழைக்காலத்திலேயே மேல் ரெக்சின் கிழிந்துபோகும். பிளக்கில் ஈரம் ஏறினால் விடியற்காலையில் என்ஜின் பிடிக்காது. ஆகவே நடுச்சாமத்தில் யாராவது கூப்பிட்டால், தம்பி டோர்ச்சோடு தேயிலை மலைக் குறுக்குப் பாதையில் ஓடி இறங்கி, வண்டியை எடுத்துக்கொண்டு மறுபடி மேலே வர வேண்டும். வண்டி இருந்தும் அரை மணித்தியாலம் வீணாகும். ஒருமுறை கடைவாசலில் வைத்து பெட்டரியையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

“வீட்டுக்குப் பக்கத்துல ஒரு செட் போட்டுருவோம்ணே” என்றான் தம்பி. “நாலு தூணு, மேல தகரம். ரெண்டு நாள் வேலை.”

அப்பா உடனே கேட்டது: “தொரைகிட்ட துண்டு வாங்கிட்டியா?”

இந்தத் துண்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. லயத்தில் குசினியை நாலடி நீட்ட, கோழிக்கூடு வைக்க, மாட்டுக்கு ஒரு கொட்டில் போட, எதற்கும் தொரையின் கையெழுத்து வைத்த துண்டு வேண்டும். அப்பா ஒரு காலத்தில் மாடு வளர்த்தார். அப்போதிருந்த தொரை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தில் வைத்து வாயால் சரியென்று சொன்னதை நம்பி, லயத்தின் தொங்கலில் ஒரு கொட்டில் போட்டார். பிறகு அந்தத் தொரை மாறிப் போனார். வந்தவர், துண்டு எங்கே என்று கேட்டார். அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் கையாலேயே தகரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்கி வைத்தார். ஆணிகளைக்கூட நிமிர்த்தி ஒரு டின்னில் போட்டார். மாட்டை விற்றுவிட்டோம். அன்றைக்கு அப்பா யாரையும் ஏசவில்லை. கொட்டில் நின்ற இடத்தைக் கூட்டிச் சுத்தமாக்கிவிட்டு உள்ளே வந்து படுத்துக்கொண்டார்.

இலங்கையில் கட்டடம் கட்ட உள்ளூராட்சிச் சபையிடம் வரைபடம் கொடுத்து எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்பது புதிய விதி அல்ல. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்திலேயே அது இருக்கிறது. நூறு வருடத்துக்கு மேலாக நாட்டில் மற்றவர்கள் அந்த வழியில்தான் போனார்கள். எங்கள் வழி வேறாக இருந்தது. 1937இல் கிராமச் சபைச் சட்டத்தைத் திருத்தியபோது, தோட்டங்களில் வேலை செய்த இந்திய வம்சாவளித் தொழிலாளரை அதன் வாக்குரிமையிலிருந்து விலக்கினார்கள். 1948இல் பிரஜாவுரிமையே போனது. அது மிச்சமின்றித் திரும்பி வர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் 1987இல் பிரதேச சபைகள் வந்தன. வாக்குப் போட்டோம், எங்கள் ஆட்களே உறுப்பினர்களாகவும் வந்தார்கள். ஆனால் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் ஒரு பாதைக்குக்கூடச் சபைப் பணத்தைச் செலவிட முடியாதென்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிரிவு திருத்தப்பட்டது 2018இல். அதே வருடம் நுவரெலியா மாவட்டத்தில் இருந்த பெரிய சபைகளைப் பிரித்து நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று நான்கு புதிய சபைகள் உண்டாயின. அந்த நான்கில் ஒன்றுக்குள்தான் எங்கள் தோட்டம் வந்தது.

காணியோ அரசாங்கத்தினுடையது. எழுபதுகளில் காணிச் சீர்திருத்தத்தில் அரசாங்கத்திடம் போன தோட்டங்கள், 1992 முதல் கம்பனிகளின் கையில் குத்தகைக்கு இருக்கின்றன. குத்தகைக் காலம் 53 வருடம். அந்தப் பரப்பிலிருந்து குடும்பத்துக்கு ஏழு பேர்ச் வீதம் பிரித்து, தனி வீடு கட்டித் தருகிற திட்டத்தில் எங்களுக்கும் ஒரு வீடு கிடைத்தது. இந்திய அரசின் உதவியோடு கட்டப்பட்ட 550 சதுர அடி வீடு. ஏழு பேர்ச் என்றால் ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீடு போக மிச்சம் இருப்பதில் அம்மா கோவாவும் லீக்ஸும் நட்டிருந்தார். வீட்டின் சாவி முதலில் கிடைத்தது. அம்மா, அப்பா இருவர் பெயரிலும் எழுதிய காணி உறுதி மெல்லத்தான் வந்தது. பல குடும்பங்களுக்கு இன்னும் வரவில்லை.

அப்பாவின் மனத்திருப்திக்காகத்தான் முதலில் தோட்டத்து ஆபிஸில் கேட்டோம். வீட்டுக்காக விட்ட காணியில் வீட்டைத் தவிர வேறெதுவும் வரக்கூடாது என்றார்கள். எழுதித் தாருங்கள் என்று கேட்டேன், எழுதித் தரவும் இல்லை. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். கொட்டிலைக் கழற்றியபோது இருந்த அதே முகம்.

பிரதேச சபையில் நிலைமை வேறு. கட்டட விண்ணப்பங்களைப் பார்க்கிற தொழில்நுட்ப உத்தியோகத்தர், நாங்கள் கொண்டுபோன கடதாசிகளை மேசையில் பரப்பி, உறுதியின் பிரதியை எடுத்து, நில அளவைப் படத்தில் எங்கள் காணித் துண்டின் இலக்கத்தோடு ஒத்துப்பார்த்தார். “உறுதி உங்க பேர்ல இருக்குதானே? பிறகு தோட்டத்துக் கடிதம் எதுக்கு?” என்றார். எங்கள் காணிக்கு வேண்டியதை ஒரு தாளில் எழுதித் தந்தார்: வரைபடம், உறுதிப் பிரதி, அளவைப் படம், வீதிக் கோட்டுச் சான்றிதழ், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை. ஹட்டன் டவுனில் ஒருவரிடம் படம் வரையக் கொடுத்தோம். எட்டுக்குப் பன்னிரண்டு அடிக் கொட்டகைக்கு அவர் முன்பக்கம், பக்கவாட்டு, குறுக்குவெட்டு எல்லாம் வரைந்து, ஓரத்தில் காணி உரிமையாளர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயரையும் அம்மாவின் பெயரையும் அச்சடித்திருந்தார். அம்மா அந்தத் தாளை மடிக்க விடவில்லை. நாட்காட்டி வருகிற அட்டைக் குழாயில் சுருட்டிப் போட்டு வைத்துக்கொண்டார்.

மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டுகிறவர் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரையைப் பெற வேண்டும். ஊரில் இதைத்தான் பெரிய தொல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு மொத்த அலைச்சலிலும் நினைவில் நிற்கிற நாள், அந்த நிறுவனத்திலிருந்து ஆள் வந்த நாள்தான்.

வந்தவர் இளம் பெண். சிங்களவர். பூட்ஸ், மழைக்கோட்டு, கையில் சரிவின் கோணம் பார்க்கிற ஒரு சின்னக் கருவி. நாங்கள் கொட்டகையைப் போட நினைத்தது வீட்டுக்குப் பின்னால். வீட்டுக்காக டோசர் மலையை வெட்டிய இடத்தில் சுவர்போல ஒரு மண்கரை நின்றது. அதை ஒட்டினால் இரண்டு பக்கச் சுவர் மிச்சம் என்பது தம்பியின் கணக்கு. அவர் அங்கே போய்ப் படத்தைப் பார்க்கவேயில்லை. கரையைப் பார்த்தார். உள்ளங்கையை மண்ணில் வைத்து அழுத்திக் கொஞ்ச நேரம் நின்றார். கையை எடுத்தபோது ஈரமாக இருந்தது. மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்தது. கரைக்கு மேலே நின்ற சவுக்கு மரம் இரண்டின் அடி வளைந்திருந்ததைக் காட்டி, எப்போதிருந்து இப்படி என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தம்பிக்கும் தெரியவில்லை.

அப்பா அதுவரை குசினி வாசலில்தான் நின்றார். இப்போது வந்தார். “மிஸ், இந்த எடத்துல கான் இருந்திச்சு” என்றார்.

அப்பா தன் வேலைக்காலத்தில் பாதிக்கு மேல் கான் வெட்டினவர். தேயிலை மலையில் மழைத்தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாதபடி, சரிவுக்குக் குறுக்கே லேசான வாட்டத்தில் கான்களை வெட்டி, அவற்றின் தண்ணீரைக் கீழே இறங்குகிற பெரிய கானில் சேர்ப்பார்கள். எந்த மலையில் எந்தக் கான் எங்கே திரும்புகிறது என்பது அப்பாவுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். வீட்டுத் திட்டத்துக்கு இடம் வெட்டியபோது மேல் மலையிலிருந்து வந்த இரண்டு கான்களை டோசர் மண் மூடிவிட்டது. தண்ணீர் வருவது நிற்கவில்லை. வழி மட்டும்தான் அடைபட்டது. அந்தத் தண்ணீர்தான் எங்கள் வீட்டின் பின்கரைக்குள் ஊறுகிறது என்றார் அப்பா. நான் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினேன். அந்தப் பெண் கையைக் காட்டி நிறுத்திவிட்டு அப்பாவைக் கூப்பிட்டார். இருவரும் கரைக்கு மேலே ஏறினார்கள். தேயிலைச் செடிகளுக்குள் அப்பா முன்னே போக, அவர் பின்னே. அப்பா நின்று நின்று மானாப் புல்லை ஒதுக்கிக் காட்டியதும், அவர் குனிந்து பார்த்து எழுதிக்கொண்டதும் கீழே நின்ற எங்களுக்குத் தெரிந்தது. அப்பாவின் பாதிச் சிங்களத்திலும் அவருடைய பாதித் தமிழிலும் பேச்சு நடந்து முடிந்தது. இறங்கி வரும்போது அவருடைய தாளில் மூடிப்போன இரண்டு கான்களும் கோடுகளாக இருந்தன.

பின்னால் கட்டக்கூடாது என்றார். வீட்டின் பக்கவாட்டில், கரையை விட்டுத் தள்ளிக் கட்டலாம். மண்ணை இனி ஒரு அடியும் வெட்டக்கூடாது. கூரை பாரமில்லாததாக இருக்க வேண்டும், கூரைத் தண்ணீரைப் பீலியில் பிடித்துக் கானுக்கு விட வேண்டும். கொட்டகை போடுவதற்கு முன்னால், வீட்டின் பின்கரைக்குக் கருங்கல் தாங்குசுவர் கட்டி, உள்ளே ஊறுகிற தண்ணீர் வெளியே வரச் சுவரில் துளைகள் வைக்க வேண்டும். மூடிய கான்களைத் திறக்க வேண்டும். கொட்டகைக்கு ஆகிற செலவைப்போல மூன்று மடங்கு இந்தச் சுவருக்கு ஆகும் என்று தம்பி முகத்தைச் சுழித்தான். அவர் கோபிக்கவில்லை. உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டே அப்பாவுக்கு மண்சரிவு எச்சரிக்கையின் மழைக் கணக்கைச் சொன்னார். இருபத்துநாலு மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் மஞ்சள், கவனமாக இருங்கள். 100 தாண்டினால் செம்மஞ்சள், ஆயத்தமாக இருங்கள். 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினால் சிவப்பு, வீட்டை விட்டுப் போய்விடுங்கள்.

அன்றைக்கு எனக்குத் தெளிவான ஒன்று இன்றுவரை மாறவில்லை. அனுமதி கேட்கச் சொல்வது தவறில்லை. மண்ணைப் பார்த்துத் தருகிற அனுமதியும், ஆளைப் பார்த்துத் தருகிற அனுமதியும் இரண்டு வேறு சாமான்கள். அந்தப் பெண் எங்களுக்கு ஒன்றை மறுத்தார்; காரணம் சொல்லி, மாற்று இடம் காட்டி, எழுத்தில் மறுத்தார். துண்டுக்காகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்ற எங்கள் ஆட்களுக்கு ஒருநாளும் காரணம் சொல்லப்பட்டதில்லை. லயங்களைக் கட்டியபோது அந்த மலை தாங்குமா என்று யார் பார்த்தார்கள்? கொஸ்லந்தை மீரியபெத்தையில் ஆபத்து இருக்கிறது என்று இதே நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்தும், அங்கிருந்த குடும்பங்களுக்குப் போக வேறு காணி கிடைக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை இறங்கி லயங்களை மூடிவிட்டது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம். அவர்களில் சிலருக்குத் திரும்பி வர வீடும் இல்லை, தாய் தகப்பனும் இல்லை. எச்சரிக்கைத் தாள் மட்டும் இருந்து, போக இடம் இல்லாமற்போனால் அந்தத் தாளால் யாருக்கு என்ன பிரயோசனம்?

படத்தைத் திருத்தி வரைந்து கொடுத்தோம். சபையின் திட்டமிடல் குழு கூடுகிற நாள்வரை காத்திருந்தோம், கொரோனா முடக்கத்தில் அது தள்ளிப்போனது, பிறகு கூடியது. சீல் குத்திய படம் கைக்கு வந்தபோது சீமெந்து விலை ஏறத் தொடங்கியிருந்தது. 2022இல் மூட்டை மூவாயிரம் ரூபாய் அளவுக்குப் போனது. சுவரைக் கட்டி முடிக்க அதனால்தான் அவ்வளவு காலம் எடுத்தது. கல் எங்கள் மலையிலேயே கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துப் பையன்கள் வந்து உருட்டித் தந்தார்கள். கான்களை அப்பாவே திறந்தார். எழுபதைத் தாண்டியவர், மண்வெட்டியை யாருக்கும் கொடுக்கவில்லை. கயிறு பிடிக்க மட்டும் என்னைக் கூப்பிட்டார். முதல் மழைக்குச் சுவரின் துளைகளில் கலங்கல் தண்ணீர் பென்சில் தடிப்பில் பாய்ந்தது. இரண்டாவது மழைக்கு அது தெளிந்திருந்தது. தெளிந்துவிட்டால் மண் இனி வராது என்றார் அப்பா. அதன் பிறகுதான் தம்பியின் கொட்டகைக்குத் தூண் நட்டோம். அந்த வேலை அவன் சொன்னபடி இரண்டே நாளில் முடிந்தது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப்போட்டது. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் இறங்கின, பாதைகள் அறுந்தன, ஊர்கள் தனித்துப்போயின. எங்கள் பகுதிக்கும் சிவப்பு அறிவிப்பு வந்தது. அப்பா வாதாடவில்லை. உறுதியையும் சீல் குத்திய படத்தையும் பொலித்தீன் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு முதல் ஆளாக வெளியே வந்தார். தம்பி ஆட்டோவை எடுத்து, கீழ் லயத்திலிருந்த வயதானவர்களையும் கைப்பிள்ளைக்காரிகளையும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கினான். பாதை அறுபடும்வரை ஓடினான். நாங்கள் திரும்பியபோது சுவர் நின்றது. கான்களில் மட்டும் மண் நிறைந்திருந்தது. கீழ் லயத்தின் பின்பக்கம் இறங்கி, இரண்டு காம்பராக்களின் சுவர் பிளந்திருந்தது. அங்கே யாரும் மண்ணைக் கை வைத்துப் பார்த்ததில்லை, கேட்டு விண்ணப்பிக்கவும் யாரிடமும் உறுதி இல்லை.

அந்தப் பிளந்த காம்பராவில் இருந்த மாமா ஒருவர் போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் படத்தை வாங்கி மேசையில் விரித்து, கட்டத்திலிருந்த பெயர்களை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். அவருக்காக ஒரு கடிதம் எழுதினேன். லயம் நிற்கிற இடத்தைப் பரிசோதிக்க வேண்டும், பாதுகாப்பான இடத்தில் காணியும் உறுதியும் வேண்டும் என்று இரண்டே கோரிக்கை. பிரதேச செயலகத்துக்கு ஒன்று, பிரதேச சபைக்கு ஒன்று, கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஒன்று. தோட்டத்துக்கும் ஒரு பிரதி போடவா என்று கேட்டேன். போடச் சொன்னார், ஆனால் பிரதியாக மட்டும் என்றார். நாளைக் காலையில் தம்பி அவரை ஹட்டனுக்கு ஏற்றிக்கொண்டு போகிறான், மூன்றையும் பதிவுத் தபாலில் போட.